கொழும்பின் ஈரக்காற்றில் ரியூபியூலர் ரயர் ஒட்டுவது: நாலு நாள் வேலைக்கு முழு வழிகாட்டி

ஒரு ஐப்பசி மாதம், வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் பல்கனியில் நான் முதன்முதல் சைக்கிள் றிம்மில் ஒட்டிய ரியூபியூலர் ரயர், மறுநாள் காலை இரண்டு பெருவிரலாலும் தள்ளியதும் வாழைமடல் உரிவதுபோல உரிந்து வந்தது. மழை தூறிக்கொண்டிருந்த மாலையில், ஒரே இருப்பில் பசை பூசி, ரயரை ஏற்றி, காற்றடித்து முடித்திருந்தேன். உரிந்த இடத்தில் பசை இருந்தது, பிடிப்பு இல்லை. மேலே பால் படர்ந்ததுபோல மங்கலான ஒரு படலம். சைக்கிளில் பூட்டி ஓடிப்பார்க்காமல் முதலில் கையால் பார்த்ததால் தப்பினேன்.

அதற்குப் பிறகு எனக்கும் நண்பர்களுக்குமாகப் பல சோடிச் சில்லுகள் ஒட்டியிருக்கிறேன். பசைக்குழாயில் அச்சடித்திருக்கும் செய்முறை ஐரோப்பாவின் காய்ந்த காற்றை மனதில் வைத்து எழுதியது. நமக்கு அந்தச் செய்முறையோடு ஈரத்தின் கணக்கையும் சேர்க்க வேண்டும். அந்தக் கணக்கைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

இது என்ன ரயர்?

நாம் நாளாந்தம் ஓடும் சைக்கிளில் ரயர் வேறு, ரியூப் வேறு. ரயரின் விளிம்பில் இருக்கும் கம்பி றிம்மின் கொக்கியில் பிடித்துக்கொள்ளும். ரியூபியூலரில் அப்படி இல்லை. ரியூப்பை உள்ளே வைத்து ரயரின் துணியைச் சுற்றித் தைத்து, தையலின் மேல் ஒரு பருத்தி நாடாவை ஒட்டியிருப்பார்கள். மொத்தத்தில் அது ஒரு வட்டமான குழாய். அதற்கான றிம்மிலும் கொக்கி கிடையாது. ஆழமில்லாத ஒரு பள்ளம் மட்டுந்தான். அந்தப் பள்ளத்தில் நாடாவைப் பிடித்து வைத்திருப்பது பசை.

காற்றுக்கும் இதில் பங்குண்டு. ரயரின் நூல்கள் குறுக்காக ஓடுவதால், காற்றடிக்கும்போது ரயர் பருத்து, சுற்றளவில் சற்றுச் சுருங்கும்; அதனால் றிம்மை இறுக்கிப் பிடிக்கும். காற்று இறங்கினால் அந்த இறுக்கம் போய்விடும். திருப்பத்தில் சில்லு சாயும்போது ரயரைப் பக்கவாட்டில் நெம்பும் விசையை அந்த நேரம் பசை தனியாகத் தாங்க வேண்டும். ஒழுங்காக ஒட்டிய ரியூபியூலர், காற்றுப் போன பிறகும் றிம்மிலேயே நிற்கும். சறுக்கி விழாமல் ஓரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தலாம். எனக்கு இந்த ரயரில் பிடித்த குணம் இதுதான்.

முன்னணிப் போட்டி அணிகள் சில வருடங்களாக ரியூப்லெஸ், அதாவது உள்ளே ரியூப் இல்லாத ரயர், பக்கம் போய்விட்டன. ஆனாலும் பழைய இத்தாலியச் சில்லுகள், ஓட்டத்திடலில் ஓடும் ட்ராக் சைக்கிளின் சில்லுகள், இரண்டாம் கையாக வாங்கிய காபன் சில்லுகள் என்று கொழும்பில் பலருடைய வீட்டுச் சுவரில் ரியூபியூலர் றிம்கள் தொங்குகின்றன. பிழையாக ஒட்டிவிடுவோமோ என்ற பயத்தில் அவற்றைத் தூசி பிடிக்க விடுவது எனக்கு மனவருத்தம்.

பசையும் மற்றச் சாமான்களும்

விற்றோரியாவின் மாஸ்ரிக் வன், கொன்ரினென்ரல், ஷ்வால்பே ஆகியவை பரவலாகத் தெரிந்த பசைகள். கொன்ரினென்ரல் அலுமினிய றிம்முக்கு ஒன்றும் காபன் றிம்முக்கு ஒன்றுமாக இரண்டு வகை செய்கிறது, மாற்றி வாங்கிவிடாதீர்கள். நான் மாஸ்ரிக் வன்தான் பாவிக்கிறேன். அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் செய்த ஒட்டுப்பிடிப்புச் சோதனைகளிலும் அது முன்னணியில் நின்றது. 30 கிராம் குழாய் ஒன்று ஒரு சில்லுக்குத் தாராளமாகக் காணும். புது றிம்மும் புது ரயரும் என்றால் சில்லுக்கு ஒன்று என்று கணக்கு வையுங்கள்.

இந்தப் பசையை எப்படி எடுப்பிப்பது என்பதில் ஒரு எச்சரிக்கை. ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வருகிற மாமாவின் சூட்கேஸில் போட்டுவிடச் சொல்லத்தான் நமக்கெல்லாம் மனம் வரும். தீப்பற்றும் பசையைப் பயணிகளின் பொதியில் விமானத்தில் ஏற்றக் கூடாது, கையில் கொண்டுவரும் பையிலும் கூடாது. மாமாவை விமான நிலையத்தில் சங்கடப்படுத்த வேண்டாம். சைக்கிள் சாமான் இறக்குமதி செய்யும் கடைக்காரரிடம் சொல்லி வைத்து எடுப்பியுங்கள், காத்திருக்கத்தான் வேண்டும். இரண்டு பக்கமும் ஒட்டும் ரியூபியூலர் ரேப் என்றால் பொதியில் கொண்டுவரலாம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பசை கிடைக்காதபோது வேறு எதையாவது பூசலாமா என்ற கேள்வி எப்போதும் வரும். என் ஒன்றுவிட்ட தம்பி போனமுறை கேட்டான்:

"அண்ணை, பஞ்சர் ஒட்டுற சொலூஷன் எந்தச் சைக்கிள் கடையிலயும் இருக்குத்தானே. அதைப் பூசினா என்ன?"

"அது ரியூப்பில துண்டு ஒட்டுறதுக்கு, தம்பி. மெல்லிசாக் காஞ்சு போயிடும். ஒரு ஆளின்ர பாரத்தைத் திருப்பத்தில தாங்காது."

"அப்ப செருப்புத் தைக்கிற ஆள் பூசுற பசை?"

"அது பிடிக்கும். ஆனா கழட்டேக்க ரயரின்ர நாடாவையும் சேர்த்து உரிச்சுக்கொண்டு வரும். பிறகு ரயரைத் தூக்கி எறிய வேண்டியதுதான்."

சுப்பர் குளு காய்ந்ததும் கண்ணாடிபோல நொறுங்கும். எப்பொக்ஸி போட்டால் றிம்மும் போய்விடும். ரியூபியூலர் பசை காய்ந்த பிறகும் சற்றே பிசுபிசுப்பாகவும் இழுபடக்கூடியதாகவும் இருப்பது ஒரு காரணத்தோடுதான். வேண்டும்போது பிடிக்க வேண்டும், வேண்டும்போது விட வேண்டும்.

மற்றச் சாமான்களைத் தேடிப் புறக்கோட்டையில் பழைய சோனகத் தெருப் பக்கம் ஒரு நடை போனால் போதும்: அசற்றோன், அரை அங்குலப் பிறஷ் இரண்டு, மாஸ்கிங் ரேப், மெல்லிய சாண்ட் பேப்பர், இரசாயனம் தாங்கும் கையுறை. பிறஷின் மயிரைப் பாதியாக வெட்டிவிடுங்கள். நீளமான மயிர் பசையைச் சிலந்தி நூல்போல இழுக்கும். வீட்டிலிருந்து பழைய பருத்திச் சாரம் ஒன்றைக் கிழித்து எடுத்துக்கொள்ளுங்கள். அளவு காட்டும் மணிக்கூடுள்ள காற்றுப் பம்ப் கட்டாயம் வேண்டும்.

இடமும் நேரமும்

பசையிலுள்ள கரைப்பான் ஆவியாகும்போது பூசிய இடத்தைக் குளிர வைக்கும். ஸ்பிரிட் பட்ட தோல் குளிர்வதும் இதனால்தான். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்தக் குளிர்ந்த மேற்பரப்பில் பனிபோல நீர் படியும். நான் கண்ட பால் படலம் அதுதான். அடுத்த பூச்சு அந்த நீரின் மேல் உட்காருமே தவிர, பசையின் மேல் உட்காராது.

அதனால் மழை பெய்யும்போதோ, மழை விட்ட கையோடோ பூச வேண்டாம். விடியற்காலை குளிர்ச்சியாக இருக்கிறதே என்று அப்போது தொடங்கவும் வேண்டாம். காற்றில் ஈரப்பதம் உச்சத்தில் நிற்பது விடியலில்தான். வெயில் ஏறிய பிறகு, காலை 10 மணியிலிருந்து பகல் 2 மணிவரை நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் பின்னேரம் இடி மழை வரும், ஆகவே மதியத்துக்குள் முடித்துவிடுங்கள். தைக்குப் பிறகு வருகிற வரண்ட வாரங்கள் எல்லாவற்றிலும் சிறந்தவை. வைகாசி தொடங்கித் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இரண்டு நாள் தொடர்ந்து வெயில் கண்டால் மட்டும் கையை வையுங்கள்.

ஏசி அறையில் வைத்திருந்த சில்லைப் பல்கனிக்குக் கொண்டுவந்து உடனே பூசுவது பலர் விடும் பிழை. ஏசி அறையை விட்டு வெளியே வந்ததும் மூக்குக்கண்ணாடி மங்குகிறதல்லவா? றிம்முக்கும் அதேதான் நடக்கிறது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் நீர் படிந்திருக்கும். ஒரு மணி நேரமாவது வெளியே வைத்துச் சூடு ஒத்துவரட்டும். மறுபக்கமாக ஏசி உதவியும் செய்யும். பூச்சு வெளியில் காய்ந்து மணம் அடங்கிய பிறகு சில்லை ஏசி அறைக்குள் வைத்தால், காய்ந்த காற்றில் இரவு முழுவதும் நன்றாக இறுகும். மணம் அடங்காமல் படுக்கையறைக்குள் கொண்டுபோக வேண்டாம்.

நெருப்பு விஷயத்தில் இரக்கமே காட்டாதீர்கள். அசற்றோன் ஆவியும் பசையின் ஆவியும் எளிதில் பற்றும். சமையலறைக்குப் பக்கத்தில் செய்யாதீர்கள். சாமி அறை விளக்கு, சாம்பிராணி, பல்கனி மூலையில் புகைந்துகொண்டிருக்கும் நுளம்புச் சுருள், எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். நுளம்புச் சுருளைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

முதல் நாள்: இழுத்து வைத்தல்

புது ரயர் இறுக்கமாக இருக்கும். பசை பூசிய றிம்மில் அதோடு மல்லுக்கட்டினால் கை, சுவர், சில்லு எல்லாம் பசையாகும். ஆகவே பசையில்லாமல் வெறும் றிம்மில் ஏற்றி, ரயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் அதிகூடிய அளவைத் தாண்டாமல், 100 பி.எஸ்.ஐ. (பம்பின் மணிக்கூடு காட்டும் காற்றழுத்தம்) அளவில் காற்றடித்து ஒரு முழு நாள் விடுங்கள். இரண்டு நாள் விட்டால் இன்னும் நல்லது. இப்படிப் பூட்டிய சில்லில் ஓட வேண்டாம், வீட்டு ஒழுங்கைக்குள்கூட.

உங்கள் ரயரின் உள்ளே லேற்றெக்ஸ் ரியூப் இருந்தால் மறுநாள் காற்று நன்றாகக் குறைந்திருக்கும். ஓட்டை என்று பயப்படாதீர்கள். இயற்கை இறப்பர் காற்றை மெல்ல மெல்லக் கசியவிடும் பொருள். நம்மூர்க்காரருக்கு அது அந்நியமுமல்ல. 1876இல் கம்பஹா ஹெனரத்கொடத் தோட்டத்தில் நட்ட கன்றுகளிலிருந்துதான் இலங்கையின் இறப்பர் தொடங்கியது.

றிம் ஆழமானது என்றால் வால்வு நீட்டியை இந்த நாளிலேயே பூட்டிப் பாருங்கள். குழாய் வேலைக்குப் பாவிக்கும் வெள்ளை ரெஃப்லோன் நாடாவைப் புரியில் இரண்டு சுற்றுச் சுற்றினால் கசியாது. ஒட்டிய பிறகு அங்கே கசிவு என்று தெரிந்தால் முழு ரயரையும் கழற்ற வேண்டி வரும்.

இரண்டாம் நாள்: துடைத்தலும் முதற்பூச்சும்

ரயரைக் கழற்றிவிட்டு றிம்மைத் துடையுங்கள். புது அலுமினிய றிம்மில் தொழிற்சாலை எண்ணெய் இருக்கும். பள்ளத்தை மெல்லிய சாண்ட் பேப்பரால் லேசாக உரசி, சாரத்துண்டில் அசற்றோன் நனைத்து, துணியில் அழுக்கு வராத வரைக்கும் துடைக்க வேண்டும். காபன் றிம்மை உரச வேண்டாம். செய்த கம்பனி எந்தத் திரவத்தை அனுமதிக்கிறதோ அதையே துணியில் நனைத்துத் துடையுங்கள். றிம்மின் மேல் நேரே ஊற்றாதீர்கள். துடைத்த பிறகு விரல் படக்கூடாது. இந்த ஊர் வெக்கையில் கை எப்போதும் வியர்வைதான்.

பழைய பசை இருக்கும் றிம் என்றால் எல்லாவற்றையும் சுரண்ட வேண்டியதில்லை. கட்டியாக நிற்பதை எடுத்துவிட்டு, மெல்லிசாகச் சமமாகப் படிந்திருப்பதை விட்டுவிடலாம். புதுப் பசை அதன் மேல் நன்றாகப் பிடிக்கும். காய்ந்து பொடிப்பொடியாக உதிர்கிறதென்றால் மட்டும் முழுதாகச் சுத்தம் செய்யுங்கள். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் இந்த நேரத்தில் சில்லுக் கம்பிகளை றிம்மில் இறுக்கும் நிப்பிள்களையும் பார்த்துக்கொள்ளுங்கள், உப்புக்காற்று அங்கேதான் முதலில் கைவைக்கும்.

பிறேக் பிடிக்கும் பக்கங்களை மாஸ்கிங் ரேப்பால் மூடுங்கள். சைக்கிளைத் தலைகீழாக வைத்துச் சில்லை அதிலேயே பூட்டிவிட்டால் சுழற்றிச் சுழற்றிப் பூசலாம். வால்வுத் துளையின் ஒரு பக்கத்தில் தொடங்கி, சுற்றிவந்து மறுபக்கத்தில் முடியுங்கள். பூச்சு மெல்லியதாக இருக்கட்டும். றிம்மின் நிறம் லேசாகத் தெரிய வேண்டும். கம்பித் துளைகளுக்குள் பசை போக விடாதீர்கள்.

விளிம்புகள்தான் இந்த வேலையின் உயிர். திருப்பத்தில் ரயர் நெம்பத் தொடங்குவது விளிம்பிலிருந்துதான். நடுப்பள்ளத்தில் பசை குவிந்து விளிம்பு காய்ந்து கிடக்கும் சில்லுகளைப் பலமுறை கண்டிருக்கிறேன். பூசியவருக்கு நிறையப் பசை போட்ட நிம்மதி, ஆனால் பிடிப்பு வேண்டிய இடத்தில் பிடிப்பு இல்லை. முதலில் இரண்டு விளிம்பையும் பூசிவிட்டு, பிறகு நடுவுக்கு வாருங்கள்.

ரயருக்கும் ஒரு பூச்சு வேண்டும். றிம்மில் ஏற்றாமல் 15, 20 பி.எஸ்.ஐ. காற்றடித்தால் அது தானாகப் புரண்டு நாடாப் பக்கத்தை வெளியே காட்டும். நாடா பருத்தி என்பதால் முதற்பூச்சை உறிஞ்சிக்கொள்ளும். நாடாவின் ஓரம்வரை பூசுங்கள், வால்வின் அடியைச் சுற்றியும் மறக்க வேண்டாம். பூசிய பக்கம் எதிலும் படாமல் ஆணியில் மாட்டிவிடுங்கள்.

குழாயில் எழுதியிருப்பதை விடக் கூடுதலாகவே காய விடுங்கள். நான் ஒரு முழு நாள், 24 மணி நேரம் விடுகிறேன். புறங்கையால் தொட்டால் ஈரம் இல்லாமல் லேசாக ஒட்ட வேண்டும். பால்போல மங்கியிருந்தால் மேலே பூசாதீர்கள். மின்விசிறிக் காற்றில் இன்னும் ஒரு நாள் வைத்துப் பாருங்கள். தெளியாவிட்டால் அந்தப் படலத்தைத் துடைத்தெடுத்து மறுபடி பூசுவதுதான் ஒழுங்கு.

மூன்றாம் நாள்

றிம்முக்கு இரண்டாம் பூச்சு, ரயருக்கு இரண்டாம் பூச்சு. நேற்றுச் செய்ததேதான். மறுபடியும் ஒரு நாள் காயட்டும்.

நாலாம் நாள்: ஏற்றுதல்

இன்று றிம்முக்கு மட்டும் ஒரு மிக மெல்லிய பூச்சு. பத்து நிமிடம்போல விடுங்கள், விரல் வைத்தால் நூல் இழுக்கும் பதம் வர வேண்டும். ரயரிலிருந்து காற்றை எடுத்துவிட்டு, உருவம் நிற்கும் அளவுக்கு மட்டும் கொஞ்சம் அடியுங்கள். பழைய உடுப்புப் போடுங்கள், தரையில் பேப்பர் விரியுங்கள். முடிந்தால் வீட்டில் ஒருவரைக் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள். என் அம்மா இரண்டு முறை சில்லைப் பிடித்துத் தந்திருக்கிறார். அவர் பிடித்த இரண்டும் நேராக வந்தன.

வால்வுத் துளை மேலே இருக்கும்படி சில்லைத் தரையில் நிமிர்த்திப் பிடியுங்கள். வால்வை நேராக நுழைத்து, அந்த இடத்தை நன்றாக அழுத்துங்கள். பிறகு வால்வின் இரு பக்கமும் கைவைத்து, உடற்பாரத்தைப் போட்டு ரயரைக் கீழ்நோக்கி இழுத்தபடி, இரண்டு பக்கமும் சமமாக றிம்மில் இருத்திக்கொண்டு போங்கள். இழுப்பை நடுவில் விட்டுவிடாதீர்கள். மேலே எவ்வளவு இழுக்கிறீர்களோ அவ்வளவுக்குக் கீழே சுலபம். கடைசி நாலைந்து அங்குலம் வந்ததும் சில்லைத் தூக்கி, வால்வுப் பக்கம் வயிற்றில் படும்படி அணைத்து, இரண்டு பெருவிரலாலும் மிச்சத்தை மேலே தூக்கி உருட்டிவிடுங்கள். முதல் நாள் இழுத்து வைத்த ரயர் என்றால் இது நடக்கும். இரும்பு நெம்புகோலுக்குக் கை போக வேண்டாம்.

உடனே 30, 40 பி.எஸ்.ஐ. அடித்துச் சில்லைச் சுழற்றுங்கள். பாம்புபோல நெளிந்தால், நெளியும் இடத்தைத் தூக்கித் திருகி நேராக்குங்கள். இரண்டு பக்கமும் நாடா ஒரே அளவில் எட்டிப் பார்க்கிறதா என்பதுதான் அடையாளம். பசை ஈரமாக இருக்கும் சில நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும், ஆனால் பதற வேண்டியதில்லை.

நேராக வந்ததும் காற்றை 100 பி.எஸ்.ஐ.க்கு உயர்த்துங்கள். தும்புத்தடியைத் தரையில் கிடத்தி, அதன் பிடியின் மேல் சில்லை வைத்து, அச்சில் இரு கையாலும் பாரம் கொடுத்து ஒரு சுற்று உருட்டுங்கள். வட்டமான தடி நடுப்பகுதியைப் பள்ளத்தின் அடிவரை அமர்த்தும். பிறகு 24 மணி நேரம் தொடாதீர்கள். புதன்கிழமை தொடங்கினால் சனி காலையில் ஏற்றி, ஞாயிறு பகல் சோதிக்கலாம்.

சோதனை

காற்றை முழுதாக எடுத்துவிடுங்கள். பெருவிரல்களால் ரயரை ஒரு பக்கமாகப் பலமாகத் தள்ளி, றிம்மின் விளிம்பைப் பாருங்கள். சுற்றிலும், இரண்டு பக்கமும். ஓர் இடத்திலும் நாடா எழும்பக் கூடாது. சிறு இடம் எழும்பினால் அங்கே கொஞ்சம் பசை தடவி, காற்றடித்து, மறுபடி ஒரு நாள் விடலாம். ஒரு சாண் நீளத்துக்குத் திறந்தால் கழற்றித் திரும்ப ஒட்டுங்கள்.

முதல் ஓட்டத்தைச் சுதந்திர சதுக்கப் பக்கம் ஆறுதலாக வைத்துக்கொள்ளுங்கள். வந்ததும் வால்வைப் பாருங்கள். நேராக நின்ற வால்வு சாய்ந்திருந்தால் ரயர் றிம்மில் நகர்கிறது என்று அர்த்தம், அந்தச் சில்லை அன்றே நிறுத்துங்கள். விரல் சோதனையை மாதம் ஒருமுறை செய்யுங்கள்.

சூடு வேறு விஷயம். றிம்மில் பிடிக்கும் பிறேக் என்றால், நீண்ட இறக்கத்தில் றிம் சூடாகிப் பசை இளகும். கொழும்புத் தெருக்களில் இது வராது. கடுகண்ணாவை இறக்கத்திலோ, நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாக இறங்கும்போதோ வரும். 2003 ரூர் டி பிரான்ஸ் சைக்கிள் போட்டியில், வெயிலில் தார் இளகிக் கிடந்த இறக்கத்தில் ஸ்பானிய வீரர் யோசேபா பெலோக்கி, பின்சில்லு சறுக்கி, ரயர் றிம்மை விட்டுக் கழன்று, தொடை எலும்பு முறிய விழுந்தார். பிறேக்கைத் தொடர்ந்து பிடித்தபடி இறங்காமல், விட்டு விட்டுப் பிடியுங்கள். வெயிலில் பூட்டிய காருக்குள் சில்லுகளை வைத்துவிட்டுப் போகவும் வேண்டாம்.

ரேப் போடலாமா?

போடலாம். டூஃபோ போன்ற கம்பனிகளின் இரட்டைப்பக்க ரேப்பில் கரைப்பான் காயும் பிரச்சினை இல்லாததால், நம் ஈரக்காற்றில் அது கவர்ச்சியானது. ஒரே நாளில் முடிந்துவிடும். றிம்மின் அகலத்துக்குப் பொருந்தும் ரேப்பாக இருக்க வேண்டும். ஒடுங்கிய ரேப் விளிம்பை வெறுமையாக விட்டுவிடும். ஏற்றிய பிறகு ரயரைத் திருகி நேராக்குவது கடினம், கழற்றினால் றிம்மில் ஒட்டிய மிச்சத்தைத் துடைப்பதும் கடினம். பருவமழைக் காலத்தில் அவசரம் என்றால் ரேப், மற்றப்படி நான் பசையின் பக்கம்.

வழியில் காற்றுப் போனால்

நீர்கொழும்பு வரை போகிற ஓட்டத்துக்கு ஒரு மாற்று ரயர் இருக்கைக்கு அடியில் இருக்கட்டும். அது முன்னர் பசை பூசிக் காய்ந்த பழைய ரயராக இருக்க வேண்டும். புதுசு வழியில் பிடிக்காது, ஏற்றவும் முடியாது. பசைப் பக்கம் பசைப் பக்கத்தோடு சேரும்படி மடித்து, துணியில் சுற்றி, வெயில் படாமல் கட்டுங்கள். ஓட்டையான ரயரைக் கழற்ற, வால்வுக்கு நேர் எதிரே ஓர் இடத்தைப் பெருவிரலால் தள்ளித் திறந்து, பிளாஸ்ரிக் நெம்புகோலை நுழைத்து மெல்ல உருட்டி உரியுங்கள். திருகாணி முடுக்கியைப் பாவித்தால் நாடாவும் கிழியும், காபன் றிம்மும் வெடிக்கும். மாற்று ரயரை ஏற்றி, காற்றை நிறைய அடித்து, வீடு வரும்வரை திருப்பங்களில் சைக்கிளைச் சாய்க்காமல் மெதுவாக வாருங்கள். வந்ததும் அதைக் கழற்றிவிட்டு, அடுத்த வெயில் நாளில் புதுப் பூச்சோடு ஒழுங்காக ஒட்டுங்கள்.